மரத்துக்கு ஒரு சட்டைக் கை

அளவெடுக்கிற டேப் பொய் சொல்லாது. ஆளுக்கேற்ற மாதிரி கூட்டியும் குறைத்தும் பேசுகிற பழக்கம் மனுஷருக்குத்தான் உண்டு. அதனால்தான் தையல்காரி, மகளின் இடது கையைச் சுற்றி டேப்பைப் பிடித்தவள், எண்ணைப் பார்த்துவிட்டு அதை அவிழ்த்து, உதறி, மறுபடியும் சுற்றினாள். அதே எண்தான் வந்தது. வலது கையைவிட இடது கை தடித்திருந்தது.

"கையை விறைக்காதடி."

"நான் எங்க விறைச்சேன்? சும்மாதானே நிக்கிறேன்" என்றாள் சிட்டு. மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் நீளமாக ஒரு பெயர் இருந்தாலும் வீட்டிலும் தெருவிலும் சிட்டுதான்.

தையல்காரி மகளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். தோளுக்குக் கீழே, பஃப் கையின் எலாஸ்டிக் வந்து உட்காருகிற இடத்தில், வளையம் போட்டது போல ஒரு வெளுத்த பள்ளம் கையைச் சுற்றி ஓடியது. பள்ளத்துக்கு மேல் தோல் லேசாக உதடு மாதிரி தடித்து நின்றது. எலாஸ்டிக் தடம் என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்த உடனே ரோஷமும் வந்தது. அவள் தைக்கிற சட்டையில் எலாஸ்டிக் பதியாது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். தடவிப் பார்த்தாள். மதியம் மூன்று மணி, தகரக் கூரை அனலைக் கொட்டிக்கொண்டிருக்கிறது, அவள் முதுகில் வியர்வை ஆறாக ஓடுகிறது. ஆனால் பிள்ளையின் கை மட்டும் தண்ணீர்ப் பானையின் அடிப்பக்கம் போலச் சில்லென்று, ஈரமாக இருந்தது.

"யாருடி இங்க பிடிச்சு இழுத்தது? உங்க பெரியம்மாவா?"

"அவங்க எதுக்கு இழுக்கப் போறாங்க?"

அவங்களாம், போறாங்களாம். பெற்றவளுக்கு 'வா, போ'. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு மட்டும் மரியாதை வாய் நிறைய வருகிறது. தையல்காரி டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அளவை எழுதவில்லை.

மதிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரே வீடாக இருந்ததை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது நடுவில் எழும்பியது அது. தம்பி, அதாவது தையல்காரியின் புருஷன், தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அவன் பங்குக்குச் சிமெண்ட் போட்ட பின்முற்றமும் தகரக் கூரை அறையும் வந்தன. அண்ணன் கப்பல் வேலைக்காரர், வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அவர் பங்கில் தோட்டம். தோட்டத்தில் தூங்குமூஞ்சி மரம்.

அந்த மரத்தை நட்டது அண்ணன் பெண்டாட்டி, கணக்கு டீச்சர். கல்யாணமாகி வந்த புதிதில் குச்சி மாதிரி வைத்ததாம். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மரம் பிறந்தது என்று தெருவில் சொல்வார்கள், அவளும் சிரித்துக்கொண்டே "என் பிள்ளை எப்படி வளர்ந்திருக்கான் பாருங்க" என்பாள். வளரத்தான் செய்தது. குடையை விரித்துக் கவிழ்த்தது போலத் தோட்டம் முழுக்க நிழல். பூக்கிற காலத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, நூல் குஞ்சத்தைச் சிலிர்த்துவிட்டது போலப் பூ. பொழுது சாய்ந்தால் இலையெல்லாம் ஜோடி ஜோடியாகக் கைகூப்பிக்கொண்டு தூங்கிவிடும். வெயிலில் போகிற தபால்காரரிலிருந்து காய் விற்கிறவர் வரை வெளிப்பக்கம் சாய்ந்த நிழலில் நின்று, "மகராசி, நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

இந்தப் பக்கம் தையல்காரி தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருப்பாள். நிழல் மதிலைத் தாண்டி இவள் முற்றத்துக்கு வருவது சாயங்காலம், வெயில் தணிந்த பிறகு. யாருக்கு வேண்டும் அது? எச்சில் தட்டை நீட்டுவது மாதிரி. வயிறு எரிந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாதும்பாங்க. என் கண்ணு பட்டும் அந்த மரம் ஒரு இலை வாடலையே" என்று புருஷனிடமே சொல்லியிருக்கிறாள்.

மரத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளையைத்தான் பொறுக்க முடியவில்லை. பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுச் சிட்டு அந்தப் பக்கம் பறந்துவிடுவாள். வீட்டுப்பாடம் அங்கே, விளையாட்டு அங்கே, சிரிப்பு அங்கே. மிஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறி அந்தச் சிரிப்பு மதிலைத் தாண்டி வந்து தையல்காரியின் காதில் விழும். தையல் கோணும். இருட்டிய பிறகு திரும்பி வருகிறவள் மேல் அந்தப் பூவின் வாசனை, தேனும் பழைய புத்தகமும் கலந்தது போல ஒன்று, குளிப்பாட்டினாலும் போகாது.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு அண்ணி வளர்க்கிறாங்க. நமக்கென்ன நட்டம்?" என்பான் புருஷன்.

"வளர்க்க அவங்களுக்கு ஒண்ணு இருந்தா என்னுதை ஏன் தொடுறாங்க?"

"நாக்குல விஷம் வச்சிருக்கடி நீ."

ஒரு ராத்திரி சிட்டு தூக்கத்தில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை முகத்தோடு வைத்து, "பெரியம்மா" என்றாள். தையல்காரி அந்தக் கையை எடுத்துவிடவில்லை. விடிகிற வரைக்கும் அசையாமல் படுத்துக் கிடந்தாள். விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நம் முற்றத்தில் நமக்கென்று அதே மரம் வேண்டும். அப்புறம் பிள்ளை எதற்கு அங்கே போகிறாள்?

விதை போட்டு முளைத்து வளருவதற்குள் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிடும். போனில் தேடினாள். ஒரு வீடியோவில் தோட்டக்காரப் பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். "பதியம் போடுங்க மக்களே, ரொம்ப ஈஸி! நல்ல கிளையா பாருங்க. மோதிரம் மாதிரி சுத்தி பட்டையை உரிச்சிடுங்க. ஈரமான தேங்காய் நார்த்தூளை வச்சு பிளாஸ்டிக்ல கட்டுங்க. வெயில் படாம மேல ஒரு துணி. அவ்வளவுதான்! தாயோட இருக்கும்போதே அதுக்குத் தனி வேர் வந்துடும். அப்புறம் அறுத்துடலாம், வாடவே வாடாது. ஒண்ணே ஒண்ணு, வேர் காயக்கூடாது. அறுத்த உடனே மண்ணைப் போட்டு மூடிடணும்."

டீச்சர் பள்ளிக்குப் போயிருந்த ஒரு காலையில், மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் நீண்டிருந்த கிளையைத் தேர்ந்தெடுத்தாள். ஸ்டூல் மேல் ஏறிப் பட்டையைச் சுற்றி அறுத்து உரித்தாள். உள்ளே வழவழவென்று வெள்ளை. நார்த்தூளை வைத்துப் பிளாஸ்டிக்கைக் கட்டினாள். மேலே சுற்ற ஒரு துணி வேண்டும். கூடையில் சிட்டுவுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கவுன் கிடந்தது. அதன் பஃப் கை ஏற்கெனவே குழல் மாதிரி இருக்கிறது, இரண்டு முனையிலும் சுருக்கு. இதைவிட வசதி வேறென்ன? இடது கையைப் பிரித்தெடுத்தாள். மூட்டுத் தையலைத் திறந்து கிளையைச் சுற்றிப் போர்த்தி, ஊசி நூலால் மறுபடியும் மூட்டினாள். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. மரம் சட்டை போட்டுக்கொண்டு மதில் மேல் கையை நீட்டியிருந்தது.

எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

சிட்டு சாயங்காலமானால் தூங்க ஆரம்பித்தாள். ராத்திரி ஒன்பது வரை ஆட்டம் போட்டு, அடித்துப் படுக்க வைக்க வேண்டிய பிள்ளை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடினாள். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. விரல்கள் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் மடங்கிக் கிடந்தன. "அங்க போய் ஆடி அலுத்துட்டு வந்து இங்க விழறா. நல்லா இருக்கு நியாயம்" என்று தையல்காரி சட்டியை இறக்கி வைத்தாள். பள்ளியிலிருந்து சொல்லியனுப்பினார்கள், மேகம் மூடிய ஒரு மத்தியானம் வகுப்பில் தூங்கிப்போனாளாம், வெயில் வந்ததும் தானே விழித்தாளாம். அன்றைக்கு மதிலுக்கு மேலே மரமும் நடுப்பகலில் இலை கூப்பி நின்றதைத் தையல்காரி பார்த்தாள். பார்த்துவிட்டுத் துணியை எடுத்து உள்ளே போட்டாள், மழை வரும் என்று.

சோறு இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டாள். குளியலறையில் வாளிக்குள் கால் இரண்டையும் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். "அங்க என்னத்தைத் திங்கக் கொடுக்கிறாங்களோ, நான் சமைச்சது எப்படி இறங்கும்?" என்றாள் தையல்காரி. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலும் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் முடிந்தது.

ஒருநாள் சிட்டு மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று ரகசியக் குரலில் சொன்னாள். "அம்மா, மரத்துக்கு என் சட்டையைப் போட்டிருக்க."

ஊசி நின்றது. "பெரியம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லல. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"சரி. உனக்கும் எனக்கும் மட்டும்."

சிட்டு தலையை ஆட்டி மறுத்தாள். "எனக்கும் அதுக்கும்."

கையைக் காட்ட டாக்டரிடம் போனார்கள். எலாஸ்டிக் இறுக்கம்தான், தளர்வாகப் போடுங்கள் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். தையல்காரிக்கு அதைக் கேட்கக் கேட்க அவமானம். எலாஸ்டிக்கையே எடுத்துவிட்டு, அதே மஞ்சளில் புதுக் கவுனுக்குத் தளர்வாக, நீளமாக, முழங்கையை மூடுகிற மாதிரி கை வெட்டினாள். வெட்டி, குண்டூசி குத்தி, மகளுக்குப் போட்டுச் சரிபார்த்தாள். தோள் மூட்டில் ஒரு ஊசியை மாற்றிக் குத்தும்போது கை வழுக்கியது. ஊசி துணியோடு சதைக்குள் இறங்கியதை விரலால் உணர்ந்தாள். முழு ஊசியும். தலை மட்டும் வெளியே.

"அய்யோ! வலிக்குதாடா?"

சிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?"

ஊசியை உருவினாள். ரத்தத்தைத் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். ரத்தம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து அந்த இடத்தில் ஒரு துளி ஊறியது. தெளிந்த தண்ணீர். விரலில் தொட்டாள். மூக்குக்குக் கொண்டுபோனாள். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை.

அன்று ராத்திரி தையல்காரிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. உட்கார்ந்து யோசித்திருக்கலாம். எது எப்போது ஆரம்பித்தது, எதற்குப் பின்னால் எது வந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்திருக்கலாம். ஆனால் பொறாமை இருக்கிறதே, அது கண்ணை மறைப்பதோடு விடாது, பக்கத்திலேயே உட்கார்ந்து வழியும் சொல்லும். அந்த மரத்தடிதான் பிள்ளையை இப்படி ஆக்குகிறது, அந்தப் பொம்பளையின் ஏக்கம்தான் பிள்ளையைக் குடிக்கிறது என்று அது சொன்னது. மறுநாள் விடிந்ததும் ஸ்டூலில் ஏறிக் கிளையின் சட்டைக் கையை விலக்கிப் பார்த்தாள். பிளாஸ்டிக்குக்கு உள்ளே வெள்ளை வேர்கள், நூல்கண்டைப் பிரித்துப் போட்டது போல, நெருக்கமாக.

இறங்கி வந்து புருஷனிடம் சொன்னாள். "என்னங்க, இன்னைக்கு லாரி எடுக்காதீங்க. முற்றத்துச் சிமெண்டை உடைச்சு ஒரு குழி வெட்டுங்க. சாயங்காலம் அந்தக் கிளையை அறுக்கணும்."

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நம்ம பக்கம் நீட்டியிருக்கிறது நம்மளுது."

"எனக்குன்னு தனியா மரம் வேணாம்மா" என்றாள் சிட்டு, கதவோரம் நின்று.

"நீ சும்மா இரு. பெரியம்மாவுக்கு மட்டும்தான் மரம் இருக்கணுமா? இனிமே நீ இங்கேயே இருப்ப. அம்மாகூடவே."

சிட்டு கையைத் தடவிக்கொண்டாள்.

புருஷன் பகலெல்லாம் கடப்பாரையைப் போட்டுச் சிமெண்டை உடைத்தான். குழி இடுப்பளவு இறங்கியது. செம்மண்ணும் எருவும் பக்கத்தில் குவிந்தன. நாலு மணிக்குமேல் வானம் மூடிக்கொண்டது. காற்று நின்றுபோனது. தெருவில் நாய் குரைக்கவில்லை, அடுத்த வீட்டு ரேடியோ பாடவில்லை, தகரக் கூரைகூட வழக்கமாகச் சூடு இறங்கும்போது போடுகிற 'டக் டக்' சத்தத்தைப் போடாமல் இருந்தது. மதிலுக்கு மேலே மரம் மெதுவாக இலை கூப்ப ஆரம்பித்தது. ஆயிரம் சின்னக் கைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டுகிற சத்தம், பட்டுத் துணியை மடிப்பது போல, தையல்காரிக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. துணிச் சத்தம் பழகிய காது அவளுடையது.

புருஷன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். "எங்க அறுக்கட்டும்?"

"சட்டைக் கைக்குக் கீழ. ஒட்டி அறுங்க."

தையல்காரி உள்ளே வந்தாள். புதுக் கவுனில் பித்தான் வைத்தாயிற்று, போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான். மரத்தை நட்டு, பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு, பக்கத்தில் நிறுத்தி, அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். வயிறு குளிர ஒரு தடவை காட்ட வேண்டும்.

சிட்டு ஜன்னலோரம் நின்றபடியே தூங்கிப்போயிருந்தாள். இடது கை மட்டும் தூக்கத்திலும் மதிலைப் பார்த்து லேசாக உயர்ந்திருந்தது. கவுனை மாட்டிவிட்டாள். தளர்வாக வெட்டிய கை. நீளமான கை. இடது பக்கம் மட்டும் அடைத்துக்கொண்டு நின்றது, பஞ்சைத் திணித்த தலையணை மாதிரி.

வெளியே ரம்பம் இழுக்கிற சத்தம் ஆரம்பித்தது. சர்ர். சர்ர்.

கவுன் கையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பிசிறு. தையல்காரியின் கை பழக்க தோஷத்தில் போய் அதைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. இன்னொரு பிசிறு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மஞ்சள் கவுனுக்கு மஞ்சள் நூல்தானே போட்டேன்?

மறுபடியும் இழுத்தாள். நூல் அவள் விரலிலிருந்து நழுவி, மெதுவாக, உள்ளே போனது.

சர்ர். சர்ர்.

பிளேடை எடுத்தாள். மூட்டுத் தையலில் வைத்து இழுத்தாள். தையல் பிரிந்தது. துணி இரண்டாக விரிந்தது.

வளையப் பள்ளத்துக்கு மேலே, தடித்த அந்த உதட்டிலிருந்து, கையைச் சுற்றி. வெள்ளையாக. ஈரமாக. அடர்த்தியாக. ஒன்றோடு ஒன்று பின்னி. நுனிகள் மட்டும் அசைந்துகொண்டு.

வேர்.

மோதிரம் மாதிரி சுற்றி. தாயோட இருக்கும்போதே. தனி வேர். அறுத்துடலாம்.

"அறுக்காதீங்க!" என்று கத்தினாள். "என்னங்க! அறுக்காதீங்க! நிறுத்துங்க!"

"ஆச்சு ஆச்சு! இன்னும் ஒரே இழுப்புதான்!" என்றது புருஷனின் குரல், வேலைச் சந்தோஷத்தில்.

பிள்ளையை விட்டுவிட்டு ஓடுவதா, பிடித்துக்கொள்வதா? பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும், மார்போடு, எலும்பு நோகப் பிடித்தாள். பெற்றேன், இவளை நான்தான் பெற்றேன், என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

சர்ர்.

மளுக்கென்று ஒரு முறிவுச் சத்தம்.

அணைப்புக்குள் பிள்ளையின் உடம்பு ஒருதரம் குலுங்கி நின்றது. அவ்வளவுதான். ரத்தமில்லை, அலறலில்லை. கை இருந்தது. மூச்சு இருந்தது. தையல்காரிக்கு உயிர் திரும்பியது. ஒன்றுமில்லை, ஒன்றும் ஆகவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம். டீச்சரின் குரல், அடிவயிற்றிலிருந்து. "யாரது? யாரது என் பிள்ளையை வெட்டுறது?"

சிட்டு கண்ணைத் திறந்தாள்.

"அம்மா!" என்றாள்.

"இங்கதான்டா இருக்கேன், அம்மா இங்கதான் இருக்கேன் கண்ணு..."

சிட்டு அவளைப் பார்க்கவில்லை. மதிலைப் பார்த்தாள். "அம்மா, நான் இங்க இருக்கேன்!" என்று அந்தக் குரலுக்குப் பதில் சொன்னாள். அப்புறம் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிற கைகளைப் பார்த்தாள். மேலே முகத்தைப் பார்த்தாள். விருந்துக்குப் போன வீட்டில் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்க்கிற பார்வை. மரியாதையான பார்வை.

"விடுங்க சித்தி" என்றாள். "வலிக்குது."

தையல்காரியின் கை தானாக விட்டது.

பிள்ளை பின்வாசல் படியில் இறங்கினாள். வெறுங்காலோடு உடைந்த சிமெண்டைத் தாண்டினாள். புருஷன் ஏணி மேல் அறுத்த கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைத்து நின்றான். கிளையில் மஞ்சள் சட்டைக் கை. பிரிந்த கவுன் காற்றில்லாத இடத்தில் அசையாமல் தொங்க, சிட்டு குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, மெல்ல வழுக்கி, உள்ளே இறங்கி நின்றாள். இடது கையைத் தாழ்த்தினாள். வெள்ளை வேர்கள் மண்ணை நோக்கித் தொங்கின. காற்றுப் பட்ட நுனிகள் ஒவ்வொன்றாகப் பழுப்பாக ஆரம்பித்தன. அவள் உதடும் காய்ந்துகொண்டு வந்தது.

"சித்தி, மண்ணைப் போடுங்க. வேர் காஞ்சிடும்."

வாசல் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "திறடி! என்ன பண்ணீங்க ரெண்டு பேரும்? சிட்டு! சிட்டும்மா!"

"அம்மா..." என்றாள் குழியிலிருந்து பிள்ளை, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி. கால் ஒன்றைத் தூக்கினாள். மேலே ஏறப் பார்த்தாள்.

தையல்காரி வாசலுக்கு ஓடினாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். தையல் மிஷினை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். திரும்பி முற்றத்துக்கு ஓடி வந்து மண்குவியலின் முன் முழங்காலிட்டாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? பிள்ளையைத் தூக்குடி!" என்று புருஷன் ஏணியிலிருந்து கத்தினான். இறங்கத்தான் பார்த்தான். தோளில் கிடந்த கிளையின் மஞ்சள் கை அவன் கழுத்தைச் சுற்றி வளைந்து, ஏணியோடு சேர்த்து, இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

தையல்காரி நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு கையாலும் மண்ணை வாரித் தள்ளினாள். எருவை வாரித் தள்ளினாள். ஏறப் பார்த்த காலைப் பிடித்து உள்ளே அழுத்தி அதன் மேல் தள்ளினாள். நகக்கண்ணில் மண் ஏறியது. கதவு அதிர்ந்தது. "இங்கதான். என் முற்றத்துல. என் மண்ணுல. எங்கயும் போக மாட்ட நீ" என்று சொல்லிக்கொண்டே, புதிதாகத் தைத்த துணியை நீவிவிடுகிற மாதிரி, பிள்ளையின் முட்டியைச் சுற்றி மண்ணைத் தட்டித் தட்டிச் சமன்படுத்தினாள். வானம் முழுக்க இருண்டுவிட்டது. இடுப்பு வரை மண் ஏறித் தொங்கிய வேர் நுனிகளை மூடியபோது சிட்டுவின் உதட்டில் ஈரம் திரும்பியது. இரண்டு முன்கையையும் மேலே தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.